எட்டு நாற்காலிக் கடை

தூத்துக்குடியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் அவன். இப்போது சென்னையில் பெரிய வேலை. போன வருடம் அலுவலக விஷயமாக டோக்கியோ வந்தபோது ஒரு சனிக்கிழமை முழுக்க என்னோடு இருந்தான். "டூரிஸ்ட் இடமெல்லாம் வேண்டாம்ல, நீ வழக்கமா போற கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்று அவன்தான் கேட்டான். கூட்டிப் போனேன். வாசலில் தொங்கும் துணியை விலக்கித் தலையைக் குனிந்து நுழைந்தவன் எட்டு நாற்காலிகளைப் பார்த்தான், புகையேறிப் பழுப்பான சுவரைப் பார்த்தான், மூலையில் சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தான். முதுகு சுவரில் உரச உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, "ஏல, இந்த இடுக்குக்கா என்னைய ரயிலேத்திக் கூட்டிட்டு வந்த? இதுல அப்படி என்னதாம்ல இருக்கு?" என்றான். அப்புறம் ஷிபுயாவுக்குப் போனோம். எத்தனையாவது மாடியோ, அங்கே ஒரு பார், கண்ணாடிக்குக் கீழே ஊர் முழுக்க விளக்கு. நிறையப் படம் எடுத்துக்கொண்டான். சந்தோஷமாகத்தான் ஊருக்குப் போனான்.

அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. அப்போதைக்கு "பழகிருச்சு" என்று மழுப்பினேன். யோசித்தால் அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்தக் கடையில் ஊற்றும் அதே சரக்கு வீட்டருகே சூப்பர்மார்க்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். சாப்பாடு ஒன்றிரண்டைத் தவிர சுமார்தான். கழிப்பறையில் கதவைச் சாத்தினால் முழங்கை இடிக்கும். யாராவது சிகரெட் பற்றவைத்தால் சட்டை இரண்டு நாளைக்கு நாறும். உணவகங்களுக்குள் புகைக்கத் தடை விதித்து 2020 ஏப்ரலில் சட்டம் வந்தும், பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கடை அந்த விலக்கில் உயிர்வாழ்வது. என் மனைவி அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைக்கப் போடுகிறாள்.

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இந்தியர்கள் அதிகம் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்தவர்களில் ஆரம்பித்த குடியிருப்பு. பூண்டு, கறிவேப்பிலை, தோசை மாவு எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். கடை அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி, இன்னொரு ஸ்டேஷனின் பின்சந்தில், ஒரு சலூனுக்கும் பூட்டிக் கிடக்கும் அரிசிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. வாசலில் சிவப்புக் காகித விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர். ஒரே ஆள்தான், அடுப்பும் அவர், கல்லாவும் அவர்.

ஹாப்பியும் குடலும்

அங்கே நான் குடிப்பது ஹாப்பி. பீர் மாதிரி நிறம், பீர் மாதிரி வாசனை, ஆனால் அதில் ஆல்கஹால் 0.8 சதவீதம்தான். 1948இல் வந்தது. போர் முடிந்து ஊரே பஞ்சத்தில் கிடந்த காலம், பீர் கூலிக்காரனின் கைக்கெட்டாத பண்டம். ஷோச்சு என்கிற ஜப்பானிய வடிசாராயத்தில் மலிவானதை அடியில் ஊற்றி மேலே இதை நிரப்பினால் பீர் குடித்த நிம்மதி. டோக்கியோவின் கிழக்கு வட்டாரங்களில் இன்றைக்கும் இதுதான் ஓடுகிறது. முறையாகக் கொடுக்கும் கடைகளில் கண்ணாடி டம்ளரும் குளிர்ந்திருக்க வேண்டும், ஷோச்சுவும் குளிர்ந்திருக்க வேண்டும், ஹாப்பி பாட்டிலும் குளிர்ந்திருக்க வேண்டும். ஐஸ் போட மாட்டார்கள். மாஸ்டர் அந்த விஷயத்தில் கறார். ஃப்ரீசரிலிருந்து டம்ளரை எடுத்து வைக்கும்போது அதன்மேல் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். ஷோச்சுவை அளக்காமல் ஊற்றுவார். ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் வந்து நிற்கும். பாட்டிலைத் திறந்து நம் கையில் கொடுத்துவிடுவார், மேலே ஊற்றிக்கொள்வது நம் வேலை. கலக்கக் கூடாது. முதல் நாள் நான் குச்சியைத் தேடியபோது பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார்.

டம்ளர் காலியானதும் புது பாட்டில் கேட்பதில்லை. "நாகா" என்றால் போதும், உள்ளே ஊற்றும் ஷோச்சு மட்டும் இன்னொரு முறை வரும். ஒரு பாட்டிலுக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று நாகா. நாகா ஒன்றுக்கு 250 யென். இதில் ஒரு சங்கதி. பாட்டில் நம் முன்னால்தான் நிற்கும். அதில் எவ்வளவு மிச்சம், எத்தனை நாகா உள்ளே போயிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போயிருக்கிறது என்பதெல்லாம் எதிரே நிற்கிற மாஸ்டருக்கு மட்டுமில்லை, எட்டு நாற்காலிக்கும் தெரியும். மறைத்துக் குடிக்க வழியே இல்லை.

தொட்டுக்கொள்ளக் குடல். பன்றிக் குடலை முள்ளங்கியோடு மிசோவில், அதாவது புளிக்கவைத்த சோயா விழுதில், நாள் முழுக்கக் கொதிக்க விட்டு, சின்னக் கிண்ணத்தில் அள்ளி, மேலே வெங்காயத்தாள் தூவித் தருவார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வைக்கிற குடல் குழம்பில் மிளகையும் தேங்காயையும் எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இங்கே வந்து நிற்கும். என் நண்பன் அதைத் தொடவில்லை. "பன்னியால?" என்று கேட்டுவிட்டு அவித்த பச்சை சோயாவை உரித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போன வழி

இந்த மாதிரிக் கடைகளை ஊரெல்லாம் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் கதவு திறக்காது. நான் முதலில் நுழையப் பார்த்தது வேறொரு கடை. கதவை இழுத்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. உள்ளே மூன்று நாற்காலி காலி. கடைக்காரர் இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்கே வைத்துக் காட்டினார். இடமில்லையாம். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெள்ளைக்காரனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாரா என்று வீடு வரைக்கும் யோசித்தேன். செய்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பக்கத்து வட்டாரத்து ஜப்பானியனையே திருப்பி அனுப்புகிற கடைகள் உண்டு. அப்படியே இருந்தாலும் அது சரியென்று சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் கடைக்குள் என்னைக் கூட்டிப் போனவர் சைக்கிள் கடைக்காரர். என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். கடையை அடைக்கும் நேரத்தில் போனேன், வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, டம்ளரைத் தூக்குகிற மாதிரிக் கையைக் காட்டி வருகிறாயா என்றார். அவ்வளவுதான். அவரோடு போனதால் கேள்வி எழவில்லை. மாஸ்டர் சூடான ஈரத் துண்டை என் முன் வைத்தார், கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வைத்தார் (அதற்கும் பில்லில் காசு உண்டு, உட்கார்ந்ததற்கான காசு), வேலை முடிந்ததா என்று கேட்டார். அவர் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எந்த ஊர், என்ன சம்பளம், எத்தனை பிள்ளைகள் எதுவும் இல்லை. தமிழ் ஆட்களோடு ஐந்து நிமிடம் பேசினால் நம் ஜாதகமே வெளியே வந்துவிடும். எனக்கு அது ஒரு விடுதலை மாதிரி இருந்தது.

அங்கே வருகிறவர்கள்: சைக்கிள் கடைக்காரர், நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வண்டி எடுக்காத நாளில் மட்டும் வரும் டாக்ஸி ஓட்டுநர், சலவைக் கடை நடத்தும் ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கும் எழுபது இருக்கும். தனியாக வருவார், மூலை நாற்காலியில் உட்காருவார், ஒரு எலுமிச்சை சோடா ஷோச்சுவும் வறுத்த மீனும் முடித்துவிட்டுப் போவார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. எழுதி ஒட்டியிருக்கவில்லை, நமக்கே தெரிந்துவிடும். பேச்செல்லாம் பேஸ்பால், புயல், குப்பை. ஜப்பானில் குப்பையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசலாம் என்று இங்கே குடும்பம் நடத்தினவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2024 நவம்பரிலிருந்து சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களுக்கும் மது விஷயத்தில் சட்டம் கடுமையாகிவிட்டது. மூச்சில் அளவு மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளில் போகப் போகிறான் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. அதற்கு மறுவாரம் மாஸ்டர் சுவரில் ஒரு ஆணி அடித்தார். சைக்கிளில் வருகிறவர்கள் சாவியை அதில் மாட்ட வேண்டும். சைக்கிள் கடைக்காரர்தான் முதல் ஆளாக மாட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். பெரிய பாரில் இந்த ஆணிக்கு வேலை இருக்காது. அங்கே சாவி யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

இன்றைக்கு இத்தோடு

இனி நான் சொல்ல வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். இங்கே விசா, வீட்டு வாடகை, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு அந்த முகத்தோடு போக முடியவில்லை. நேரே கடைக்குப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஜப்பானிய மொழியும் என்னிடம் இல்லை. பேஸ்பாலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் நாகா, இரண்டாவது நாகா. வழக்கமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, ஷோச்சுவைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாகா கேட்டேன்.

மாஸ்டர் சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். டம்ளரை எடுத்தார். ஆனால் ஃப்ரீசர் பக்கம் போகவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ஏதோ செய்தார். சற்று நேரத்தில் என் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. அடியில் சோறு, மேலே உதிர்த்த உப்பு மீன், கொஞ்சம் கடற்பாசி. கெட்டிலிலிருந்து சூடான பச்சைத் தேநீரை அதன்மேல் சுற்றி ஊற்றினார். "இன்றைக்கு இத்தோடு" என்றார். கோபமும் இல்லை, கனிவும் இல்லை. கடை அடைக்கும் நேரத்தைச் சொல்கிற குரல். சலவைக் கடை அம்மா டிவியைப் பார்த்தபடியே, "நாளைக்கு எரியாத குப்பை நாள், மறந்துவிடாதே" என்றார். சாப்பிட்டேன். காசு கொடுத்தேன். பில்லில் அந்தச் சோறு இல்லை.

என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை, அடுத்த வாரமும் கேட்கவில்லை. வேறு வேலை கிடைத்தபின் நானாகச் சொன்னபோது மாஸ்டர் அப்படியா என்று கேட்டுவிட்டு முள்ளங்கியை நறுக்கப் போய்விட்டார். நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஆறுதலை அல்ல, அந்த 250 யென்னை. விற்க வேண்டிய சரக்கு, கேட்கிற வாடிக்கையாளன், கையில் காசு. விற்கவில்லை. அவர் பெரிய மகான் என்பதால் இல்லை. எட்டு நாற்காலிக் கடையில் நான் தடுமாறி விழுந்தால் அவர்தான் தூக்க வேண்டும், மறுநாள் நான் வெட்கப்பட்டு வராமல் போனால் ஒரு நாற்காலி காலி. கணக்குப் போட்டாலும் அந்தச் சோறு லாபம்தான். ஷிபுயாவின் உயரத்தில் இருக்கும் கடைக்கு நான் நாளைக்கு வரப்போவதே இல்லை. அவர்கள் ஊற்றிக்கொண்டே இருப்பதில் தப்பே சொல்ல முடியாது.

நம் பக்கம்

இதை எழுதும்போது நம் ஊர் பார் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. ஒட்டியிருக்கும் பாருக்கு டெண்டர். எடுக்கிறவருக்குக் கிடைக்கும் உரிமை தின்பண்டம் விற்பதும் காலி பாட்டிலைச் சேகரிப்பதும். அதாவது சரக்கை விற்கிற ஆள் கம்பிக்குப் பின்னால், குடிக்கிற இடத்தை நடத்துகிற ஆள் வேறு. எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டிய வேலை இரண்டு பேருக்குமே இல்லை. ஒருவருக்கு விற்பனைக் கணக்கு, இன்னொருவருக்குப் பாட்டில் கணக்கு. 2023-24இல் மாநிலத்துக்கு இதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடையை மூடு, மூடாதே என்று நாம் ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறோம். கடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதை யார் நடத்த வேண்டும் என்று யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

இங்கே அந்த அளவைத் தீர்மானிப்பதில் சட்டத்துக்குப் பெரிய பங்கு. ஜப்பானில் கடையில் ஊற்றிக் கொடுக்கத் தனி மது உரிமம் தேவையில்லை. சுகாதார அலுவலகத்தில் உணவகம் நடத்த அனுமதி வாங்கினால் போதும். நள்ளிரவுக்கு மேலும் மதுவே பிரதானமாக நடத்துவதென்றால் போலீஸிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், மூடிய பாட்டிலாக விற்கத்தான் வரித்துறை உரிமம். அதனால் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் ஆள் எட்டு நாற்காலி போட்டுப் பிழைக்க முடிகிறது. வாடகை இல்லை, சம்பளம் இல்லை, ஆகவே மூன்றாவது நாகாவை விற்றே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. நம்மிடம் கிளப்புக்கு ஓர் உரிமம், நட்சத்திர விடுதிக்கு ஓர் உரிமம், மற்றவனுக்கெல்லாம் கம்பி. எட்டு நாற்காலிக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

"நமக்கும் இருந்துச்சுல்லா, கள்ளுக்கடை" என்று போனில் அப்பா சொன்னார். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளையும் சாராயத்தையும் திறந்தார்கள், 1987இல் மறுபடி மூடினார்கள். நடுவில் இருந்த அந்தச் சில வருடங்களில் தாத்தா போய்வந்த கடையைப் பற்றி அப்பா அழகாகப் பேசுவார். தேரிக்காட்டு ஓரம், ஓலைப் பந்தல், பனையேறியே விற்பார், பட்டையில் ஊற்றித் தருவார், சுட்ட கருவாடு. யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியுமாம். நான் இதைக் கேட்டு உருகிப்போய் ஒருமுறை ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி வெற்றிலையை மெல்வதை நிறுத்தாமல், "தெரியும், எல்லாந் தெரியும். அவிய கையில எவ்வளவு கூலி இருக்குன்னும் அவனுக்குத் தெரியும்" என்றாள்.

அதற்குமேல் பந்தலைப் பற்றி உருக முடியவில்லை. இங்கேயும் அப்படித்தான். கடைசி ரயிலுக்குப் பிறகு பிளாட்பாரத்தில் கோட்டு சூட்டோடு விழுந்து கிடக்கிறவர்களைப் பார்க்காத டோக்கியோவாசி கிடையாது. மேலதிகாரி கூப்பிட்டால் போய்க் குடித்தே ஆக வேண்டிய சங்கடத்தில் எத்தனையோ பேர் பாழாகியிருக்கிறார்கள். சின்னக் கடை எல்லாமே என் மாஸ்டரின் கடையும் அல்ல. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ‘கோல்டன் காய்’ என்கிற பார் வட்டாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி பார்கள் ஆறு சந்துகளுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையில் தொடங்கி, 1958 வரை திருட்டுத்தனமாக விபச்சாரமும் நடந்து, அதன்பின் பார்களாகிப் பிழைத்துக் கிடக்கும் இடம். நாற்காலி கணக்குப்படி அதுவும் எட்டுதான். ஆனால் பாதிக் கடைகளில் இன்றைக்கு வருகிறவன் நாளைக்கு விமானம் ஏறுகிறவன். போய்ப் பார்க்கலாம், நன்றாகத்தான் இருக்கும். அங்கே யாரும் உங்களுக்குச் சோறு வைக்க மாட்டார்கள்.

ஒருநாள் மனைவியைக் கூட்டிப் போனேன். மூலை நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்கள், அதுவே மரியாதை. சலவைக் கடை அம்மாவும் இவளும் கறை எடுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், மஞ்சள் கறைக்கு வெயிலில் காயப்போட்டாலே போதும் என்று இவள் சொன்னதை அந்த அம்மா கைத்துடைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டார். என் மனைவி உமேஷு என்கிற பழமது ஒன்று வாங்கி மெதுவாகக் குடித்தாள். திரும்பி நடக்கும்போது, நம் ஊரில் ஒரு பொம்பளை இப்படி நடந்து போய் உட்கார்ந்து எழுந்து வர முடியுமா என்று கேட்டாள். நான் உற்சாகமாகி, எட்டு நாற்காலிக்கு ஒரு உரிமம் கொடுத்தால், கவுன்சிலர் மச்சான் கைக்குப் போகாமல் தெருவில் இருக்கிறவனுக்கே கொடுத்தால் என்று என் திட்டத்தை எல்லாம் சொன்னேன். நின்று கேட்டாள்.

"அப்படி ஒரு டெண்டர் வந்தா நான் எடுக்கேன். சாளைக் குழம்பு வைக்கேன், கணக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். "ஆனா நீங்க கஸ்டமரா வரக்கூடாது. கடன் சொல்லுவீங்க."